தேருக்குப் பூசிய செம்புப் பொடி

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான இடங்களில் அச்சாகியிருக்கிறது. அதில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டிய இடம். என் பெயரையும் எழுதவில்லை. இத்தனை வருஷம் இல்லாமல் இருந்தது, இன்னும் கொஞ்சம் இல்லாமலே இருக்கட்டும்.

ஐம்பத்தாறிலிருந்து ஐம்பத்தெட்டு வரை நானும் அவனும் புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் ஒரே மேசையில் வேலை செய்தோம். நான் தவளக்குப்பத்துக்கு அந்தண்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவன். அப்பாவுக்கு நெல்லும் மணிலாக் கடலையும் விளைகிற கொஞ்சம் நிலம். கடலூரில் இங்கிலீஷில் படித்தவன் என்பதால் பிரெஞ்சு எனக்கு ஒட்டவே இல்லை. பேசினால் புரியும், எழுதினால் பார்ப்பவர் சிரிப்பார். அவன் கால்வாய்க்குக் கிழக்கே, வெள்ளைக்காரத் தெருவில் பிறந்தவன். அவன் வீட்டில் பூனையைக்கூட பிரெஞ்சில்தான் திட்டுவார்கள். ஆனால் என்னிடம் பேசும்போது எங்கள் ஊர்க்காரனைப் போலத்தான் பேசுவான். அதில்தான் நான் விழுந்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் பேராசிரியர் பிரான்சிலிருந்து வந்தவர். முசியே என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது; முக்கால்வாசி வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். இவர் மட்டும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, போகும்போது பாரிஸில் தன் ஆய்வுக்கூடத்துக்கு இங்கிருந்து ஒருவனை அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒருவனை. மேசையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

அவர் கொடுத்த வேலை இதுதான். ஆறு கார்பன் கொண்ட வளையம் ஒன்று, அதன் ஒரு முனையில் அயோடின் தொற்றிக்கொண்டிருக்கும். இப்படி இரண்டு வளையங்களைச் செம்புத் தூளோடு சேர்த்துச் சூடாக்கினால் செம்பு இரண்டிலிருந்தும் அயோடினைப் பிடுங்கிக்கொள்ளும். அயோடின் போன இடத்தில் வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கார்பனோடு கார்பனைச் சேர்ப்பது அன்றைக்கு லேசுப்பட்ட காரியம் அல்ல. இரண்டையும் சும்மா பக்கத்தில் வைத்தால் ஆயுசுக்கும் அப்படியே கிடக்கும். நடுவில் ஓர் உலோகம் நின்று தரகு பார்த்தால்தான் சம்பந்தம் முடியும்.

புத்தகத்தில் அரைப் பக்கம்தான். கூடத்தில் ஏழு மாதம். அயோடின் வளையத்தைத் தயாரிக்க ஐஸ் வேண்டும். வைத்திக்குப்பத்தில் மீனுக்கு ஐஸ் இறக்குகிற இடத்தில் வாங்கி, உமியில் புரட்டி, சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து நான்தான் கொண்டுவருவேன். அதனால் எங்கள் மேசையில் எப்போதும் மீன் வாடை. சூடு எகிறாமல் இருக்க மணல் கலக்க வேண்டும். கடற்கரை மணலை உப்புப் போகும்வரை பத்துத் தண்ணீரில் அலசி உலர்த்தினேன். இவ்வளவும் செய்து, அலமாரியில் இருந்த செம்புத் தூளைப் போட்டுச் சூடாக்கினால் வந்ததெல்லாம் தார். கறுப்பாக, குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு, சுரண்டினாலும் வராத தார்.

அவன் நோட்டில் எழுதுவான். அது ஒரு வழக்கம் எங்கள் கூடத்தில்: ஒரு மேசைக்கு ஒரு நோட்டு, மையால், பிரெஞ்சில். யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறதோ அவன் எழுதுவான். நான் கழுவுவேன், காய்ச்சுவேன், வடிகட்டுவேன், சொல்லிக்கொண்டே இருப்பேன். அவன் எழுதிக்கொண்டே இருப்பான். சோம்பேறித்தனத்தால் ஒப்புக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது நட்பு என்று தோன்றியது.

விடை என் பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தது. அவனுடைய பிரெஞ்சுப் புத்தகம் செம்புத் தூள் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தது. என்னுடையது, வண்ணம் பூசுகிறவர்கள் பொன் பூச்சுக்கு வைத்திருக்கும் செதில் செதிலான தூள் என்று ஒரு வரி கூடுதலாகச் சொன்னது. அந்த ஒரு வரிக்காகக் கடலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

பொன் பூச்சு என்றால் எங்கள் ஊரில் ஒரே பெயிண்டர்தான். மாதா கோயில் சொரூபங்களுக்கும், வீராம்பட்டினத்து அம்மன் தேரில் இருக்கும் மரச் சிங்கங்களுக்கும் அதே ஆள்தான், அதே தூரிகையால், தங்கப் பொடி பூசுவார். போய்க் கேட்டேன். அவர் இரண்டு டப்பா திறந்தார்.

"இது மஞ்ச, இது செவப்பு. மஞ்சதான் தம்பி எல்லாரும் கேப்பாங்க. தங்கம் மாதிரியே மின்னும். செவப்பு அடி பூச்சுக்குத்தான்."

மஞ்சளில் துத்தநாகம் கலந்திருக்கிறது, சிவப்புதான் முழுச் செம்பு என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. சிவப்பில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன்.

அதிலும் முதல் மூன்று தடவை தார்தான். பொடி மினுங்குவதற்காகக் கொழுப்புப் பூசியிருப்பார்கள். அது போகாமல் செம்பு வேலை செய்யாது. அசிட்டோனில் கொஞ்சம் அயோடினைக் கரைத்து அதில் பொடியைப் போட்டு அலச வேண்டும், பிறகு அமிலம் விட்டு ஒரு தரம். எவ்வளவு நேரம் அலசுவது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நான் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கொழுப்பு இருக்கிறவரை பொடி மேலே ஆடையாக மிதக்கும், கண்ணாடியில் ஒட்டும். கொழுப்பு போனதும் கண் எதிரிலேயே மொத்தமும் மூழ்கும். அந்தக் கணத்தில் எடுக்க வேண்டும்.

"அது மேல பாருடா, பொடிய பாரு, இதோ முழுவுது, இப்ப எடுக்கணும்" என்று நான் கத்தினேன்.

"ஒம்போது நிமிஷம்" என்று அவன் கடிகாரத்தைப் பார்த்து எழுதினான்.

அன்றைக்கு மத்தியானம் மூன்றரை மணிக்குக் குடுவையில் மஞ்சள் ஊசிகள் விழுந்தன. உருக்கிப் பார்த்தோம். நூற்று இருபத்து நான்கு டிகிரி, புத்தகத்தில் போட்டிருந்தபடியே. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அவன் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் அவன் அம்மாவிடம், அம்மாவைப் பிரெஞ்சில் கூப்பிடுகிற மாதிரி, "மாமான், இவன் கையில செம்பு பேசுது" என்றான். அந்த அம்மா எனக்குக் காப்பி கொடுத்து, நூலை எடுத்து என் தோளை அளந்தார். யார் போனாலும் குளிருமே என்று இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நீலக் கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்தார். புதுச்சேரி வெயிலில் அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்தோம்.

அப்பா அதற்குள் தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் இருக்கிற அத்தனை கடைக்காரரிடமும் சொல்லிவிட்டார், மகன் சீமைக்குப் போகப்போகிறான் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போகாவிட்டால் எந்த முகத்தோடு அந்தக் கூட்டு ரோட்டைத் தாண்டுவது?

ஐம்பத்தெட்டு ஆடி மாதம் முசியே ஊருக்குக் கிளம்பும் நாளைச் சொன்னார். இருவரும் தனித்தனியாக, தன் முன்னாலேயே, இந்த வினையைச் செய்து காட்ட வேண்டும். யார் கையில் படிகம் வருகிறதோ அவனை அழைத்துப்போகிறேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைவேலை என்றால் நான் தோற்பேனா?

முதல் நாள் சாயங்காலம் என் டப்பாவில் கடைசியாக மீந்திருந்த சிவப்புப் பொடியை அலசினேன். அழகாக மூழ்கியது. அமிலம் விட்டுக் கழுவி, மங்கிய சிவப்பாக உலர்ந்ததும், ஈரம் புகாத ஜாடியில் மூடி, அலமாரியில் வைத்தேன். அவன் பக்கத்தில் தன் பொடியை அலசிக்கொண்டிருந்தான். அலமாரிக்குச் சாவி இரண்டு, எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. வெளிச்சம் இருக்கும்போதே நான் சைக்கிளை எடுத்துவிட்டேன், ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டுமே.

மறுநாள் காலை இரண்டு குடுவைகளும் பக்கத்துப் பக்கத்தில் கொதித்தன. முசியே நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் குடுவையை வடித்ததும் மஞ்சள் ஊசிகள் விழுந்தன. என்னுடையதில் கொஞ்சம் எண்ணெய், மீதி தார். குளிரவைத்தேன், சுரண்டினேன், பழைய படிகம் ஒன்றை விதையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முசியே என் தோளில் தட்டிவிட்டு எழுந்து போனார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"உட்றா. கை சில நாளு அப்பிடித்தான்" என்றான் அவன். முகம் வாடியிருந்தது. எனக்காக வருந்துகிறான் என்று நினைத்தேன். நான்தான் அவனுக்குக் கை கொடுத்தேன், வாழ்த்துச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நாலு நாள் பொறுத்து, இன்னொரு தடவை செய்து பார்க்கவாவது பொடி வேண்டும் என்று பெயிண்டரைத் தேடிப் போனேன். வீராம்பட்டினத்தில் தேருக்கு அடியில் ஏணி போட்டு நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை தேர் ஓட வேண்டும்.

"செவப்பு ஏது தம்பி? இருந்தது எல்லாத்தையும் பூசியாச்சி, பாரு" என்று சிங்கங்களைக் காட்டினார். "இனிமே பட்டணத்துலேந்து சரக்கு வர ரெண்டு மாசம் ஆவும். மஞ்ச இருக்குது, வேணுமா? போன வாரம் உன் சிநேகிதரு வந்து ஒரு டப்பா வாங்கினு போனாரே."

"மஞ்சளா? அவனா?"

"ஆமா. செவப்புதான தம்பி நீங்க கேப்பீங்கன்னேன். இல்ல, இந்தத் தபா மஞ்சதான் வேணும்னாரு."

 மஞ்சள் பொடியை அமிலத்தில் கழுவினால் மேலே இருக்கிற துத்தநாகம் கரைந்துபோய் வெளியே செம்பு மட்டும் நிற்கும். பார்க்கச் சிவப்பாகவே இருக்கும். இது எங்கள் கூடத்தில் முதல் வருஷத்து மாணவனுக்கும் தெரியும். சைக்கிளை மிதித்துக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினேன். என் ஜாடியில் ஒரு சிட்டிகை மீதி இருந்தது. கல்வத்தில் போட்டு அழுத்தி அரைத்தேன். மேல் சிவப்பு தேய்ந்து, உள்ளே பளபளவென்று மஞ்சள் தெரிந்தது.

அப்படியானால் என் சிவப்பு எங்கே போனது? அவன் குடுவைக்குள் போனது. அவன் அலசிய பொடி என் ஜாடிக்கும், நான் அலசிய பொடி அவன் ஜாடிக்கும் மாறியிருந்தன. முசியே பார்த்து மெச்சிய படிகம் என் செம்பில் விளைந்தது. கூட இருந்தே குழி பறிப்பது என்பதை நான் பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன். குழியை வெட்டியதும் இல்லாமல் என் மண்வெட்டியையே எடுத்து வெட்டியிருக்கிறான் படுபாவி.

கடற்கரையில், கப்பல் பாலத்துப் பக்கம் அவனைப் பிடித்தேன். கல்வத்தை எதிரில் நீட்டினேன். அவன் மறுக்கவில்லை. அது ஒன்றுதான் அவன் எனக்குக் காட்டிய மரியாதை.

"உனக்கு நெலம் இருக்குதுடா" என்றான். "அப்பா இருக்காரு. நாளைக்கி நீ இங்க எங்க வேணா வாத்தியாரா போவலாம், உனக்கு இங்கிலீஷ் தெரியும். நான் என்னா பண்ணுவேன்? இனிமே இந்த ஊர்ல பிரெஞ்சு படிச்சவன எவன் சீண்டுவான்? எங்களுக்கு இங்கயும் எடமில்ல, இப்ப போவலன்னா அங்கயும் இல்ல."

"கேட்டிருந்தா அந்த எடத்த குடுத்திருப்பேனேடா."

"குடுத்திருப்பியா?"

 கொடுத்திருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரியும், அவ்வளவு நன்றாக என்னைத் தெரிந்தவன். தெரியாதவன் செய்திருந்தால் போடா என்று விட்டிருப்பேன். என்னை உள்ளும் புறமும் தெரிந்தவன் செய்ததுதான் ஆறவில்லை.

முசியேயிடம் போனேன். என் பிரெஞ்சில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் மேசை நோட்டை எடுத்துத் திறந்தார். இரண்டு வருஷத்து வேலை முழுக்க அவன் கையெழுத்தில், அழகான சாய்ந்த எழுத்தில் இருந்தது. சிவப்புப் பொடி, மணல், ஒன்பது நிமிடம், எல்லாம். என் எழுத்தில் ஒரு புள்ளி இல்லை. சரி, இன்னொரு முறை செய்து காட்டுங்கள், நம்புகிறேன் என்றார். நியாயமான மனிதர்தான். ஆனால் அவருடைய கப்பலுக்கு மூன்று வாரம் இருந்தது, சிவப்புப் பொடிக்கு இரண்டு மாதம்.

அந்த வெள்ளிக்கிழமை தேரோட்டத்துக்குப் போனேன். ஊரே வடம் பிடித்து இழுத்தது. மரச் சிங்கங்கள் வெயிலில் தகதகவென்று என்னைத் தாண்டிப் போயின. எனக்குச் சாமி தெரியவில்லை. சிங்கத்தின் காலில் இருக்கிற சிவப்பு அடிப்பூச்சைச் சுரண்டினால் ஒரு குடுவைக்குத் தேறுமா என்றுதான் கணக்குப் போட்டேன். வார்னிஷ் கலந்த பொடி, உதவாது. உதவியிருந்தால் அம்மன் தேரென்றும் பார்த்திருக்க மாட்டேன்.

அவன் போனான். அவன் அம்மா என் கம்பளிச் சட்டையை மடித்து, "உனக்குன்னு பின்னுனது, நீயே வெச்சிக்க" என்று கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வாங்கிக்கொண்டேன். அதே கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளனாக எனக்கு வேலை கிடைத்தது. கூட்டு ரோட்டை ஒரு வருஷம் தலையைக் குனிந்துகொண்டே தாண்டினேன், பிறகு பழகிவிட்டது.

அறுபத்திரண்டில், ஊர் காகிதத்திலும் முழுசாக இந்தியாவோடு சேர்ந்த சமயம், அவனிடமிருந்து முதல் கடிதம் வந்தது. நாலு வருஷத்தில் முதல் கடிதம். நலம் விசாரிப்பு இரண்டு வரி. மீதி ஒரு பக்கம் செம்பு. எங்கள் நோட்டை வைத்து அவன் அங்கே கட்டுரையாக எழுதி அச்சில் வந்த வினையை இப்போது முசியே திரும்பச் செய்து காட்டச் சொல்கிறாராம். அவன் கையில் தார்தான் வருகிறதாம்.

"ஒம்போது நிமிஷந்தான் அலசுறேன், வர மாட்டேங்குது. இங்க இருக்குற பொடி சரியில்லன்னு நெனைக்கிறேன். அந்தப் பெயிண்டர்கிட்ட செவப்பு ஒரு டப்பா வாங்கி அனுப்புடா. என் வேலையே இதுலதான் தொங்குது."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பொடியில் ஒரு குறையும் இல்லை. இன்னும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் முட்டாள். பொடியைப் பாருடா என்று நான் தொண்டை கிழியக் கத்தியது அவன் காதில் ஏறவே இல்லை.

பெயிண்டரிடம் போய்ச் சிவப்பு வாங்கினேன். ஆனால் டப்பாவை அனுப்பவில்லை. கல்லூரி விடுமுறையில், யாரும் இல்லாத கூடத்தில், மணல் அலசி, ஐஸ் கொண்டுவந்து, முதலிலிருந்து நானே செய்தேன். பொடி மிதந்தது, மூழ்கியது, எடுத்தேன். மஞ்சள் ஊசிகள் விழுந்தன, முன்பு வந்ததைவிட நீளமாக. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி அடைத்தேன். பார்சலில் உடையாமல் இருக்க, நீலக் கம்பளிச் சட்டையின் ஒரு கையை வெட்டி அதில் சுற்றினேன். ஒரு சீட்டில் 124 என்று மட்டும் எழுதினேன், என் கோணல் எழுத்தில். கடிதம் வைக்கவில்லை. பொடி தர மாட்டேன், வழி சொல்ல மாட்டேன், ஆனால் என்னால் முடியும் உன்னால் முடியாது, பார்த்துக்கொள் என்று அவனுக்கு உறைக்க வேண்டும். முகத்தில் அறைவதைப் போல அனுப்பினேன். தபாலாபீசிலிருந்து திரும்பும்போது நாலு வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து சைக்கிள் ஓட்டினேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது.

"மெர்சிடா. நீ அனுப்புனத நான் செஞ்சதுன்னு முசியேகிட்ட காட்டுனேன். நூத்தி இருபத்தி நாலுல கச்சிதமா உருகுச்சி. ரொம்ப சந்தோஷப்பட்டாரு. வேலைய நிரந்தரம் பண்ணிட்டாங்க. நீ மட்டும் இல்லன்னா நான் இல்ல. அந்தக் கம்பளி அம்மா பின்னுனதுதான? பாத்ததும் அழுதுட்டேன்."

அழுதானாம்.

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நான் அறைந்த அறையைக்கூட அவன் பரிசாக வாங்கி வைத்துக்கொண்டான். அதற்குள் கூடத்துக்கு உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். பிற்பகல் வகுப்புக்கு ஐஸ் வேண்டுமாம். சாக்கை எடுத்துக் கேரியரில் வைத்துக்கொண்டு வைத்திக்குப்பத்துக்குக் கிளம்பினேன்.